சவலை

பெண்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால் என்ன பேசுவார்கள் என்பது பற்றி நம் கதாசிரியர்களுக்கெல்லாம் திடமான ஓர் அபிப்பிராயம் உண்டு. நகை பேசுவார்கள்; புடவை பேசுவார்கள்; அடுத்த வீட்டு மருமகளைப் பற்றிப் பேசுவார்கள். ஹாஸ்யத் துணுக்கு எழுதுகிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டு வருவது இந்த அபிப்பிராயம்தான். அவர்களில் ஒருவராவது, நாலு பெண்கள் உண்மையாகப் பேசிக்கொள்வதை ஓரமாக நின்று கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். கேட்டிருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்துவிட்டால் போதும். நகையும் புடவையும் போன இடம் தெரியாது. பால் போதுகிறதா, முதல் சோறு எந்த மாதம், பேதிக்கு என்ன கொடுத்தாய், ராத்திரியில் எத்தனை தடவை விழிக்கிறது என்று பேச்சு அங்கே போய் நின்றுவிடும். அப்புறம் பஸ் வந்தால்கூட யாருக்கும் தெரியாது.

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். ஆண்பிள்ளை, கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் உட்காராதவன், வைத்தியமும் தெரியாது. நியாயமான கேள்விதான். ஆனால் காது இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு அதுதானே மூலதனம்!

என்னைக் கோபப்படுத்தி இதை எழுத வைத்தவர் ஒரு நண்பர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நிறையப் படித்தவர், நல்ல மனிதர். "இந்தப் பொம்பளைகளின் வாய்வழிச் சாஸ்திரம் ஒழிந்தால்தான் ஸார் இந்த நாட்டுக் குழந்தைகள் பிழைக்கும்! என்ன கொடுக்க வேண்டுமென்று டாக்டர் சொல்கிறார், டப்பாவிலும் அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் இவர்களுக்குள் என்ன ஆலோசனை?" என்றார்.

டாக்டரையும் டப்பாவையும் ஒரே மூச்சில் சொன்னார் பாருங்கள், என் சண்டையே அங்கேதான்.

தமிழில் 'சவலை' என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று எதற்கெடுத்தாலும் நோஞ்சான் என்கிற பொருளில் அதை வீசி எறிகிறோம். கிராமத்துக் கிழவியிடம் கேட்டால் அதற்குக் கண்டிப்பான பொருள் சொல்வாள். மடியில் ஒன்று பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் அடுத்தது தங்கிவிடுகிறது. மூத்தது பால் மறக்கடிக்கப்படுகிறது. பாலும் போய், அதற்கு ஈடான சோறும் கிடைக்காமல், அது மெலிந்து, எதற்கெடுத்தாலும் சிணுங்கி, கை கால் சூம்பிப் போகிறதே, அதுதான் சவலைப் பிள்ளை. நோய் என்ன, யாருக்கு வரும், எப்போது வரும், ஏன் வரும் என்கிற அத்தனையும் மூன்றெழுத்தில் அடங்கியிருக்கிறது. இதை எந்தக் கல்லூரி செய்தது? நடுப்பகலில் திண்ணையில் உட்கார்ந்து 'வம்பு' பேசிய பெண்கள் செய்தார்கள்.

இது தமிழ்ப் பெருமை பேசுகிற சமாச்சாரமல்ல. ஆப்பிரிக்காவில் தங்கக் கடற்கரை என்று அப்போது பெயர் பெற்றிருந்த, இன்றைய கானா நாட்டில், ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அம்மாள் வேலை பார்த்தார். ஒன்று முதல் நாலு வயதுக்குள்ளான குழந்தைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் செத்துக்கொண்டிருந்தன. தம் புத்தகங்களில் விடை கிடைக்காதபோது அந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். அந்த ஊர்ப் பெண்களையே கேட்டார். அவர்களுடைய கா மொழியில் அதற்கு ஒரு பெயர் இருந்தது: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் பறிபோன குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். அச்சாக நம் சவலை! 1935-இல் 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் அந்தப் பெயரையே போட்டுக் கட்டுரை எழுதினார். சோளக் கஞ்சியை மட்டுமே தின்று வளரும் பிள்ளைக்கு வேறு சத்து கிடையாது என்பதையும் சொன்னார். அனுபவஸ்தர்களான பெரிய டாக்டர்கள், 'இது புதிதல்ல, பெல்லாக்ராதான்' என்று மறுத்தார்கள். நிலைத்தது அந்தத் தாய்மாரின் சொல். இன்று உலகத்து வைத்தியப் புத்தகங்களில் எல்லாம் அது இருக்கிறது.

நண்பர் டாக்டரைச் சொன்னாரே, இந்த டாக்டரைத்தான் நானும் சொல்கிறேன். பெண்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட டாக்டர்.

டப்பாவின் கதை வேறு. அதே வில்லியம்ஸ் அம்மாள் மலேயாவுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே இனிப்பூட்டிய கெட்டிப் பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவு என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். தாதி உடுப்புப் போட்ட பெண்கள் வீட்டுக்கு வந்து சொன்னால் தாய்மார் நம்பாமல் என்ன செய்வார்கள்? 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், பிரமுகர்கள் விருந்துண்ணும் சபையில், அந்த அம்மாள் எழுந்து நின்று பேசினார். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. குழந்தை உணவைப் பற்றிப் பொய்ப் பிரசாரம் செய்து அதனால் குழந்தை இறந்தால் அதைக் கொலையென்றே கருத வேண்டும் என்றார். உலகம் அதைக் காதில் வாங்க 42 வருஷம் ஆயிற்று. 1981-இல்தான் உலக சுகாதார சபை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பண்டங்களுக்கு விளம்பரம் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டளித்த நாடு ஒன்றே ஒன்று, அமெரிக்கா.

டப்பாவில் உள்ளது விஷமல்ல. தாயில்லாப் பிள்ளைக்கும், பாலே சுரக்காதவள் பிள்ளைக்கும் அது உயிர் கொடுக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு வரும் டப்பாவை மூன்று வாரத்துக்கு இழுக்கத் தண்ணீர் சேர்க்கிறாளே, அந்தத் தண்ணீரும் காய்ச்சாத தண்ணீராயிருக்கிறதே, அந்தப் புட்டியும் சரியாகக் கழுவாத புட்டியாயிருக்கிறதே, அங்கே இருக்கிறது யமன். இது எதுவும் லேபிளில் உள்ள கொழுகொழுக் குழந்தையின் முகத்தில் தெரியாது. அந்த முகம் நம்மை எப்படி வென்றுவிட்டது என்பதற்கு நம் பாஷையே சாட்சி. கன்னம் உப்பிய குழந்தையைப் பார்த்தால் ஒரு காலத்தில் 'கிளாக்ஸோ பேபி' என்றோம்; பிறகு 'அமுல் பேபி' என்றோம். வாடிய குழந்தைக்குப் பெயர் தாய்மார் வைத்தது. வளர்ந்த குழந்தைக்குப் பெயர் டப்பாக்காரன் வைத்தது!

நம் நாட்டில் 1992-இல் இதற்கென்று சட்டம் வந்தது. 2003-இல் திருத்தி, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு எதற்கும் விளம்பரம் கூடாது என்று இறுக்கினார்கள். நல்ல சட்டம். ஆனாலும் 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டது. செரிலாக் அப்போது இந்தியாவில் விற்கப்பட்டதில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்த சர்க்கரை இருந்தது. அந்த நிறுவனத்தின் தாய்நாட்டில் அதே வயதுக் குழந்தைகளுக்கு விற்பதில் சேர்த்த சர்க்கரையே இல்லை. சர்க்கரை சேர்ப்பதைக் குறைத்து வருகிறோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. இந்தச் செய்தியை நண்பருக்குப் படித்துக் காட்டினேன். "அது சட்டத்துக்கு உட்பட்டதுதானே?" என்றார். பாட்டி கொடுத்த சீனித் தண்ணீர் மூடநம்பிக்கை. அச்சடித்த டப்பாவில் வந்தால் ஊட்டச்சத்து!

அதற்காக நான் பாட்டி பக்தன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாட்டிகளின் மீது எனக்குத் தீராத வழக்கு உண்டு. பிள்ளை பெற்ற முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விடச் சொன்னார்களே, அதைவிடப் பாவம் உண்டா? நோயைத் தடுக்கும் சக்தி அதில் நிறைய இருக்கிறது. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தடவுவதும், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று ஊதித் தொக்கம் எடுப்பதும், சேட்டை செய்கிற குழந்தைக்கு வசம்பை அளவில்லாமல் உரைத்து ஊற்றுவதும் நான் அறிந்த கொடுமைகள்தான். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். சீம்பாலைக் கொட்டாதே என்று டாக்டர் சொல்வதும் சுவரொட்டி சொல்வதும் ஒரு பக்கம். 'நான் கொடுத்தேன், என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்' என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்கிறாளே, அது மறுபக்கம். மாமியாருக்கு எதிராக ஒரு மருமகள் சாய்ந்துகொள்ள அகப்படும் தோள் அதுதான். பெண்களின் பேச்சில் தப்பு இருக்கிறது என்றால், அந்தத் தப்பைத் திருத்துவதும் பெண்களின் பேச்சுத்தான்.

மதுரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில், குழந்தைகளுக்கு ஊசி போடும் புதன்கிழமை, வேப்ப மரத்தடியில் நான் கேட்ட பேச்சு இது.

"பிள்ளைக்கு எத்தனை மாசம் தாயி?"

"எட்டு நடக்குதுக்கா. கஞ்சியெல்லாம் நல்லாத்தான் குடிக்கிறான். உடம்புதான் தேற மாட்டேங்குது."

"கஞ்சின்னா எப்படிக் காச்சுற?"

"தண்ணியாத்தான். கெட்டியாக் குடுத்தா செரிக்காதுன்னு எங்க அத்தை சொல்லுச்சு."

"தண்ணி குடுத்தா மூத்திரமாப் போயிரும். கேப்பையை முளை கட்டிக் காய வச்சு அரைச்சுக்க. முளை கட்டுன மாவு எம்புட்டுப் போட்டாலும் களி மாதிரி இறுகாது. வழுக்கிக்கிட்டு உள்ள போயிரும். எறக்கறப்ப ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடு."

இந்த அக்காளின் படிப்பு என்னவென்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதற்குள் இருக்கும் சாஸ்திரம் தெரியும். எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு டம்ளருக்கு மேல் கொள்ளாது. அதைத் தண்ணீராலேயே நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? மாவைக் கூட்டினால் கஞ்சி இறுகிக் குழந்தை துப்பிவிடுகிறது. முளை விடும்போது தானியத்தில் பிறக்கும் ஒரு நொதிப்பொருள் மாவுச் சத்தை உடைக்கிறது, கஞ்சி இளகுகிறது, அதே டம்ளருக்குள் அதிக மாவு அடங்குகிறது. 1980-களில் பரோடா சர்வகலாசாலையில் தாரா கோபால்தாஸ் என்ற பேராசிரியை ஆராய்ந்து இதைத்தான் நிரூபித்தார். வேப்ப மரத்தடிக்கும் ஆராய்ச்சிச் சாலைக்கும் நடுவே பகை ஏதுமில்லை. பகையை உண்டாக்குகிறவர்கள் என் நண்பரைப் போன்றவர்களும் டப்பா விற்கிறவர்களும்தான்.

சர்க்காருக்கே ஒரு காலத்தில் இந்தப் புத்தி இருந்தது. 1980-இல் உலக வங்கிக் கடனில், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் சத்துருண்டை. ஊருக்கு ஒரு பணியாளர் வேண்டுமே, யாரை வைத்தார்கள்? அந்த ஊர்க்காரி, ஏழையாயிருந்தும் தன் பிள்ளையைத் தேற வளர்த்தவளாயிருந்தால் உத்தமம் என்று தேடினார்கள். சத்துருண்டை பிடித்தவர்களும் ஊர்ப் பெண்களே. கடுமையான ஊட்டக்குறைவு அங்கே கணிசமாகக் குறைந்தது. ஏன் குறையாது? இவளும் நம்மைப் போலக் கூலிக்காரிதான், இவள் பிள்ளை தேறியிருக்கிறது என்று கண்ணால் கண்டபின் கேளாத தாய் உண்டா?

இத்தனைக்கும் பிறகு கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கின்றன. மோசமில்லை. ஆனால் 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதுமான உணவு பெறுபவை 11.3 சதவீதம். அதாவது பால் மறக்கும் பருவத்தில்தான் கைவிடுகிறோம். சவலைப் பருவத்தில்!

தாய்க்குத் தெரியவில்லை, அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறார் நண்பர். முளை கட்டத் தெரிந்தவளுக்கு முளை கட்ட நேரம் யார் தருவது? நாளொன்றுக்கு மூன்று நாலு வேளை, பொறுமையாக, கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டிய பிள்ளை அது. காலையில் நாற்றுப் பறிக்கப் போகிறவள் யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? பத்து வயது அக்காவிடம். அல்லது கண் தெரியாத கிழவியிடம். 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலைக்கு நடுவே இரண்டு இடைவேளை கொடுத்தது. 2017-இல் சம்பளத்தோடு லீவு 26 வாரமாயிற்று. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னார்கள். நம் ராஜ்ய சர்க்கார் தன் ஊழியர்களுக்கு 2021-இல் 12 மாதம் ஆக்கியது. எல்லாம் ஆபீஸ் உள்ளவளுக்கு. வரப்புக்கு ஏது ஆபீஸ்?

வரப்புக்காரிக்கும் ஒரு வரி எழுதினார்கள். 2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், ஜனங்கள் நூறு நாள் வேலை என்று சொன்னார்களே அதில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைத்தளத்துக்கு வந்தால், வேலைக்கு வந்த பெண்களிலேயே ஒருத்தியைப் பிள்ளை பார்க்க வைத்து, அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. எழுதிய புண்ணியவான் யாரோ! அந்த வேலை நடந்த காலத்தில் ஒரு கண்மாய்க் கரையில் நின்று பார்த்தேன். கருவேல மரத்தில் சேலைத் தொட்டில்கள் நாலு தொங்கின; கீழே மண்ணில் தவழ்ந்தவை வேறு. பிள்ளை பார்க்க யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று மேற்பார்வை பார்த்தவரைக் கேட்டேன். பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். சட்டத்தில் இப்படி இருக்கிறதே என்று நான் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"அதுக்கும் கூலி உண்டாய்யா?" என்றாள்.