வீட்டைக் காத்தவனுக்கு வண்டியில் இடமில்லையா?

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் குடும்பங்களில் பயணத் திட்டம் பல நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடும். யார் எந்த வண்டியில் ஏறுவது, முறுக்கு டின்களை எங்கே வைப்பது, டோல் அட்டையில் பணம் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பேசி முடிப்போம். வாசற்கதவைப் பூட்டும் நேரத்தில்தான் கடைசிக் கேள்வி எழும்: "நாயை என்ன செய்வது?" அதற்கான விடையும் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கும். ஒரு வாளி தண்ணீர், ஒரு தட்டு நிறையச் சோறு, ஒரு சங்கிலி. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அவ்வளவுதான்.

அந்த விடை போதாது என்பதே என் கருத்து. ஆண்டு முழுவதும் நம் வீட்டைக் காக்கும் உயிருக்கு, நாம் வீட்டை விட்டுப் புறப்படும் நாளிலும் ஓர் இடம் உண்டு. அதை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். முடியாவிட்டால் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

தீபாவளி இரவை எண்ணிப் பாருங்கள். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காதுக்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கே காதைப் பொத்தத் தோன்றும் பட்டாசுச் சத்தம், ஆளில்லாத வீட்டில் கட்டிப்போடப்பட்ட நாய்க்கு எப்படி இருக்கும்? பத்து பாகாட்டில் எங்கள் தாமானில் ஒரு தீபாவளியின்போது அப்படிக் கட்டப்பட்டிருந்த நாய் ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தபோது வாசலில் அறுந்த சங்கிலி மட்டுமே கிடந்தது.

இது நமக்குப் புதிய கதையும் அன்று. தோட்டத்து லயங்களில் நாய் இல்லாத வாசலே இல்லை என்று என் பாட்டி சொல்வார். தோட்டம் விற்கப்பட்டு, மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு மாறியபோது பாத்திரம் பண்டமெல்லாம் லாரியில் ஏறின. நாய்கள் ஏறவில்லை. தோட்டத்து எல்லை வரை அவை லாரியின் பின்னாலேயே ஓடி வந்ததைச் சொல்லும்போது பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். போக்கிடம் இல்லாமல் வெளியேறிய மக்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால், சொந்த வீடும் வண்டியும் உள்ள இன்றைய தலைமுறைக்கு அந்தச் சாக்கு இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள்: கருப்பன், மணி. பாட்டி வீடு சுங்கை பட்டாணியில். பத்து பாகாட்டிலிருந்து ஆயர் ஈத்தாம் சென்று நெடுஞ்சாலையில் ஏறினால் 600 கிலோமீட்டருக்கும் மேல். நாய்களோடு போக எங்களுக்கு விரைவுப் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. வழியில் தங்க விசாரித்த விடுதிகளிலும் நாய்களுக்கு அனுமதி இல்லை. லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் மாமா ஒரு வழி கண்டார். தம் பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றி, நாய்க்கூண்டுகளைத் தரையில் இறுக்கிப் பொருத்தி, பக்கத்தில் இருவர் படுக்கும்படி பலகை அடித்தார். பணக்காரர்களின் கேரவனைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். எங்கள் கேரவனில் அடுப்பும் இல்லை, குளியலறையும் இல்லை. ஆனாலும் நாயோடு நெடும்பயணம் போகிறவனுக்குச் சக்கரம் வைத்த வீடு ஏன் தேவைப்படுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. அது ஆடம்பரம் அன்று. நாய்க்கும் சேர்த்து இடம் தரும் விடுதி அது ஒன்றுதான்.

இத்தகைய பயணத்தால் உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். அவர் 1960ஆம் ஆண்டில், பின்புறம் சிறு வீடு பொருத்திய லாரி ஒன்றில் சார்லி என்னும் தம் பூடில் நாயுடன் புறப்பட்டார். சுமார் 16,000 கிலோமீட்டர் அமெரிக்காவைச் சுற்றி வந்து, அந்த அனுபவத்தை 1962இல் நூலாக வெளியிட்டார். முன்பின் அறியாதவர்களோடு பேச்சைத் தொடங்க சார்லியே அவருக்குத் தூதுவனாக உதவியது.

நம் நாட்டில் நாய் எப்போதும் தூதுவனாக இருப்பதில்லை. சில வேளைகளில் அதனால் கதவுகள் மூடிக்கொள்ளும். இதை நாம் கோபப்படாமல் புரிந்துகொள்ள வேண்டும். ஷாஃபி மரபைப் பின்பற்றும் முஸ்லிம்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவும் கடமை உண்டு. அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் சைட் அஸ்மி அல்ஹப்ஷி ஏற்பாடு செய்த, நாயைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். வந்தவர்களுள் முஸ்லிம்களும் பலர். அதன்பின் எழுந்த கண்டனமும் பெரிது. அச்சம், ஆர்வம், சமயக் கடமை ஆகிய மூன்றும் ஒரே சமூகத்துக்குள் இருக்கின்றன என்பதை அந்நிகழ்வு காட்டியது. தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்கு, பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த மலாய் நண்பர்கள் இதை விளக்கினார்கள். அவர்கள் கேட்டது நாயே இருக்கக்கூடாது என்பதை அன்று. "வரும்போது முன்கூட்டியே சொல், கையில் பிடித்துக்கொள்" என்பதைத்தான்.

சென்ற பயணத்தில் ஓர் ஓய்வுத்தலத்தில் நாய்களை இறக்கியவுடனே, வண்டியை எடுக்கச் சொல்லி ஒருவர் கடிந்துகொண்டார். இன்னொரு தலத்தில் மலாய்க்காரப் பாக்சிக் ஒருவர், லாரிகள் நிற்கும் கோடியில் நிழலும் புல்லும் இருப்பதாகக் கைகாட்டினார். உணவுக்கடைகளுக்கும் சூராவுக்கும் வெகு தொலைவில் இருந்த அந்தப் புல்தரையில் பத்து நிமிடம் நின்றோம். யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. நான் கேட்பதும் அந்த அளவுதான். உணவகத்துக்குள் நாய்க்கு நாற்காலி வேண்டாம். நெடுஞ்சாலை ஓய்வுத்தலங்களின் ஒதுக்குப்புறத்தில் வேலியிட்ட சிறு புல்தரை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு குப்பைத்தொட்டி, நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்புப் பலகை. இவை இருந்தால் நாய் வைத்திருப்பவருக்கும் நிம்மதி, நாயைத் தவிர்க்க விரும்புபவருக்கும் நிம்மதி.

"மனிதனுக்கே வசதி போதவில்லை, நாய்க்கு ஒரு கேடா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இடம் இல்லாததால் நடப்பது என்ன? நாயை வண்டிக்குள் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். வெளியே 32 பாகை வெப்பம் இருக்கும்போது, வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 45 பாகையைத் தாண்டிவிடும். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் வராது. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கும் வசதி நாய்க்கு இல்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அதன் உடல் வெப்பம் 41 பாகையைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. சட்டமும் இப்போது கண்டிப்பாக உள்ளது. 1953ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின்படி கொடுமைக்கான உச்ச அபராதம் நெடுங்காலம் 200 ரிங்கிட்டாகவே இருந்தது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க வழிசெய்கிறது.

உரிமையைக் கேட்கும் முன் கடமையைச் செய்து காட்டுவோம். முதலில் நகராண்மைக் கழக உரிமம். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்தது தடுப்பூசி. வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று 2012இல் பெயர் பெற்ற மலேசியாவில், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவி உயிர்களைப் பறித்தது. எனவே மாநிலம் கடந்து செல்வோர் புறப்படும் முன் கால்நடைத் துறையிடம் விதிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. கடல் கடந்து சபா, சரவாக் செல்வதென்றால் அனுமதிக் கடிதம் கட்டாயம். வண்டியில் நாயைக் கூண்டில் வையுங்கள் அல்லது வாரில் பிணையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். புறப்படும் முன் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். கழிவை அள்ள நெகிழிப்பை கையில் இருக்கட்டும். அள்ளாமல் போகும் ஒருவரால் நாய் வளர்க்கும் அத்தனை பேருக்கும் கெட்ட பெயர்.

எல்லாராலும் வேன் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மை. இங்கேதான் மாணவர்களாகிய நமக்கு ஒரு பணி இருக்கிறது. நம் மொழிக் கழகங்கள் இரத்ததானம் நடத்துகின்றன, முதியோர் இல்லங்களுக்குச் செல்கின்றன. தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போகாமல் தங்கும் மாணவர்கள், வளாகத்துக்கு அருகில் உள்ள வீடுகளின் நாய்களை நாளுக்கு இரு முறை சென்று பார்த்துவர ஒரு பெயர்ப்பட்டியல் போட்டால் என்ன? செலவில்லாத சமூகப் பணி அது.

தமிழன் நாயை மறந்தவன் அல்லன். திருவண்ணாமலை வட்டாரத்தில் உள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. ஆநிரை காத்து மாண்ட வீரனோடு, கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் அவனது நாயையும் அதில் செதுக்கி, பெயரையும் பொறித்துள்ளனர். மகாபாரதத்தில் தருமர் தம் இறுதிப் பயணத்தில், உடன் வந்த நாயை விட்டுவிட்டால்தான் சொர்க்கம் என்று இந்திரன் கூறியபோது, அப்படிப்பட்ட சொர்க்கம் தமக்கு வேண்டாம் என்றார். அந்தக் கதையைக் கோயில் மண்டபத்தில் கைதட்டிக் கேட்கிறோம். ஆனால் சொர்க்கம் வரை நாயைக் கூட்டிச் சென்றவரின் கதை தெரிந்த நாம், சுங்கை பட்டாணி வரை கூட்டிச் செல்லத் தயங்குகிறோம்.

நண்பர்களே, அடுத்த தீபாவளிக்கு இன்னும் காலம் இருக்கிறது. வீட்டில் பயணப் பேச்சு தொடங்கும்போது, "நாயை என்ன செய்வது?" என்ற கேள்வியைக் கடைசியில் கேட்காமல் முதலிலேயே கேளுங்கள். முதலிலேயே கேட்டால், சங்கிலியைவிட நல்ல விடை தேட நேரம் இருக்கும்.