மரையாணி இணைப்பும் மறைந்திருக்கும் இடைவெளியும்

யந்திரங்களின் அதிர்வை முன்கூட்டியே கணித்தறிய இன்று பெரிதும் கையாளப்படுவது வரம்புறு கூறு முறையாகும். ஒரு பொருளைப் பல சிறு கூறுகளாகப் பகுத்து, அவற்றின் நிறையையும் விறைப்பையும் கணிப்பொறியில் தொகுப்பதே இதன் சாரம். ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பொறியியலர் 1960-இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். முறையின் வன்மையில் ஐயமில்லை. ஆயினும், போல்ட் எனப்படும் மரையாணியால் பிணைத்த இரு தகடுகளை ஒரே உலோகமாகப் பாவித்துக் கணக்கிடும் வழக்கம் கைவிடத்தக்கது.

காரணம் எளிது. போல்ட்டின் இறுக்கம் அதனைச் சுற்றியுள்ள சிறு வட்டத்திலேயே தகடுகளை அழுத்துகிறது. அப்பால், தகடு சற்றே வளைந்திருப்பினும் மயிரிழை இடைவெளி எஞ்சும். அதிர்வின்போது அது மூடும், திறக்கும். மூடுகையில் விறைப்பு மிகும், திறக்கையில் குறையும். இயல்பு அதிர்வெண்ணைக் காணும் சாதாரணக் கணக்கோ, விறைப்பு மாறாதது என்ற அடிப்படையில் எழுந்தது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காணலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் நான்கு துருவ மோட்டார் நிமிஷத்திற்கு 1,500 சுற்றுகளுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 25 முறை சுழலும். அதனைத் தாங்கும் அமைப்பின் இயல்பு அதிர்வெண் 35 எனக் கணக்குக் காட்டினால், அபாயமில்லையென்று வரைபடம் ஏற்கப்படும். ஆனால் அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இடைவெளியால் விறைப்பு பாதியானால், 35 என்பது 24.7 ஆகிவிடும். ஒத்ததிர்வு நேரும்; போல்ட்டுகள் தளரும்; விறைப்பு மேலும் குன்றும். குறுக்கு அதிர்வினால் மரையாணி தானே கழல்வதை ஜுங்கர் 1969-இல் சோதனை வாயிலாக விளக்கியுள்ளார்.

இடைவெளியையும் சேர்த்துக் கணிக்கும் நுட்பமான முறைகள் உண்டே எனலாம். உண்மைதான், ஆனால் அவற்றிற்கு இடைவெளியின் அளவு தேவை. அதனை வரைபடம் தராது, களமே தரும். ஆகவே, பரப்புகள் முழுதும் ஒட்டியவையாக ஒரு கணக்கும், போல்ட்டைச் சுற்றி மட்டும் ஒட்டியவையாக மற்றொரு கணக்கும் செய்தல் வேண்டும். இயங்கும் வேகம் அவ்விரு விடைகளுக்கு நடுவே வீழுமாயின், அமைப்பைத் திருத்துவதே முறை. யந்திரத்தை நிறுவியபின் சுத்தியலால் தட்டி அதிர்வெண்ணை அளந்து பார்த்தலும் இன்றியமையாதது.

களப் பணியாளர் ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, இடைவெளியை ஃபீலர் கேஜினால் அளந்து, ஷிம் தகடு செருகிய பின்னரே இறுக்குதல் நலம். இடைவெளியை வலிந்து இறுக்கி மூடுவது அடித்தகட்டை வளைப்பதாகும். அளந்த எண்ணைக் குறித்து, கணிப்பவருக்கும் அனுப்புதல் வேண்டும். ஆசிரியர்களோ, இரண்டு எஃகு அளவுகோல்களை நெருக்கிப் பிணைத்தும், நடுவே வாஷர் வைத்துப் பிணைத்தும் மீட்டிக் காட்டலாம். இரு ஓசைகளின் வேற்றுமையை மாணவர் செவியாலேயே உணர்வர்.

கணிப்பொறி, தனக்கு அளித்த இணைப்பையே கணிக்கும். தளத்திலுள்ள இணைப்பை அன்று. அவ்விரண்டையும் ஒன்றாக்குவது களத்தில் அளந்தெழுதிய அந்த ஓர் எண்ணே.