பேச்சு வற்றிய மகன்

வீட்டுச் சந்திப்புக்குச் சென்ற ஓர் இல்லத்தில், 25 வயது மகனைச் சுட்டிக்காட்டி, “சாமி, இவன் யாரோடும் பேசுவதில்லை, அவ்வளவு திமிர்” என்றார் தாயார். நாம் கேட்டோம்: “சாப்பிட்டாயா?” “ம்.” “வேலை தேடுகிறாயா?” “இல்லை.” அடுத்த கேள்விக்கு நெடுநேரம் மௌனமே. பெற்றோருக்கு மறுமொழி கூறுவதே மரியாதை என்று கண்டித்துவிட்டு வந்தோம். அக்கண்டிப்பு இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. மறு ஆண்டில் மருத்துவர் அவரிடம் கண்டது மனச்சிதைவு நோய்.

மனச்சிதைவு என்றதும் காதில் குரல் கேட்பதாகச் சொல்வோரையே நாம் நினைக்கிறோம். பேச்சு வற்றிப்போதலும் அந்நோயின் அடையாளமே. மருத்துவர் இதனை ‘அலோஜியா’ என்பர். ‘லோகோஸ்’ எனில் கிரேக்கத்தில் சொல்; யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் குருமடத்தார் அனைவரும் படிக்கும் அதே சொல். அச்சொல் இல்லாத நிலை இது. அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரீசன் 1979-இல் இதனை இரு வகையாக விளக்கினார். ஒன்றில் சொற்களே குறைவு. மற்றதில் சொற்கள் ஏராளம், செய்தி சொற்பம். (நம் மறையுரைகளில் சிலவும் அப்படித்தான் என்று வாசகர் முணுமுணுப்பது கேட்கிறது, அது வேறு நோய்!)

பேசாதோர் அனைவரும் நோயாளர் அல்லர். இயல்பாகப் பேசிவந்தவர் படிப்படியாய் ஒற்றைச் சொல்லுக்குள் ஒடுங்கினால் மருத்துவரிடம் செல்க. ஆழ்ந்த மனச்சோர்வும், பக்கவாதமும், சில மருந்துகளும்கூட பேச்சைக் குறைக்கும். பிரித்தறிவது அவர் பணி.

1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்தின் பயன் தெரியவந்தது முதல் அந்தக் குரல்களை அடக்க வழி பிறந்தது. வற்றிய பேச்சை மீட்பதிலோ மருந்துகள் அத்துணை வல்லன அல்ல. இதனை அறியாத வீட்டார், “குணமாகிவிட்டதே, இன்னும் ஏன் ஊமைபோல் இருக்கிறாய்?” என்று நச்சரிக்கின்றனர். பெற்றோரே, இங்கேதான் கவனம் தேவை. பிரவுன், பிர்லி, விங் என்போர் 1972-இல் வெளியிட்ட லண்டன் ஆய்வில், ஓயாது குறைகூறும் வீடுகளுக்குத் திரும்பியோரிடையே நோய் மீண்டும் தலைதூக்குவது மிகுதியாய் இருந்தது.

சென்ற மாதம் அவ்வில்லத்திற்கு மீண்டும் சென்றோம். இம்முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. தாயார் மகன் முன் கீரைக்கட்டை வைத்தார். நாமும் அருகமர்ந்து ஆய்ந்தோம். பாதிக்கட்டு முடிந்தபின், தலை நிமிராமலே அவர் சொன்னார்: “இதில் பூச்சி இருக்கிறது, சாமி.”