ஆபரேஷன் அறையில் கம்பெனி ஆள்

மில்லுக்குள் வெளியாள் ஒருவர் நுழைய வேண்டுமானால் கேட்டில் பெயர் எழுத வேண்டும்; பாஸ் வாங்க வேண்டும்; யாரைப் பார்க்க வந்தார் என்று சொல்ல வேண்டும். பஞ்சுப் பேலுக்குக் கிடைக்கும் இந்தக் காவல், ஆபரேஷன் மேஜையில் மயங்கிக் கிடக்கும் மனிதனுக்கு உண்டா?

ஸ்டென்ட், செயற்கை மூட்டு, எலும்பை இணைக்கும் பிளேட் ஆகியவற்றை விற்கும் கம்பெனியின் பிரதிநிதி, ஆபரேஷன் அறைக்குள்ளேயே நிற்பது இன்று சகஜம். எந்த அளவு பொருந்தும், எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். புதுத் தறி வந்தால் கம்பெனி பிட்டரும் கூட வருவதில்லையா? எனவே, அவர் வருவதையே நாம் குறை கூறவில்லை. அவர் வாயால் சொல்வதோடு நிற்கிறாரா, கையும் வைக்கிறாரா என்பதே கேள்வி.

இந்த எல்லை அழிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தென் கொரியா கண்டது. 2018 மே மாதம் புசான் நகரில் தோள்பட்டை ஆபரேஷனுக்குப் படுத்த ஒருவருக்கு, டாக்டருக்குப் பதிலாகக் கருவி விற்பவரே ஆபரேஷன் செய்தார். நோயாளிக்கு மூளைச் சாவு ஏற்பட்டது. 2019-ல் டாக்டருக்கு ஓராண்டும் விற்பனையாளருக்குப் பத்து மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜனங்கள் கொதித்தனர். மயக்கநிலையில் நடக்கும் ஆபரேஷனை, நோயாளி கேட்டால் காமிராவில் பதிவு செய்தாக வேண்டும் என்று 2021-ல் அங்கே சட்டம் நிறைவேறியது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தும், 2023 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது.

இங்கே நிலைமை என்ன? 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார், மருத்துவக் கருவிக் கம்பெனிகளுக்கு நடத்தை விதிகளை வெளியிட்டது. டாக்டர்களுக்குப் பரிசு கொடுக்கக்கூடாது என்கிறது, நல்லதுதான். ஆனால், புகாரை விசாரிக்கும் கமிட்டியை அமைப்பது கம்பெனிகளின் சங்கமே! பாலுக்குப் பூனை காவல்!

தவறு நேர்ந்தால் பிரதிநிதியை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டுக் கம்பெனி நழுவிவிடக் கூடாது. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். இத்தனை விற்றே தீர வேண்டும் என்று விரட்டுவது முதலாளி. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் சர்க்கார் ரூ. 29,600 என்று உச்ச விலை கட்டியது. அதற்கு முன் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற சரக்கு அது! இவ்வளவு லாபம் புரளும் இடத்தில், கம்பெனியின் நல்லெண்ணத்தை நம்பி நோயாளியை ஒப்படைக்க முடியாது.

ஆகவே நாம் கோருவது இவைதான்:

ஆபரேஷன் அறைக்குள் போகும் பிரதிநிதிக்குச் சர்க்கார் அமைப்பே பயிற்சியும் பரீட்சையும் நடத்திச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கம்பெனியே கொடுக்கும் சான்று போதாது.

அவர் பெயரும் கம்பெனியும் ஆபரேஷன் பதிவேட்டில் ஏற வேண்டும். அவர் உள்ளே இருப்பார் என்பதை நோயாளிக்குத் தாய்மொழியில் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும்.

நோயாளியின் உடல் மீது அவர் கை படக்கூடாது. அவருடைய சம்பளத்தை விற்பனைக் கணக்கோடு முடிச்சுப் போடவும் கூடாது.

மீறினால் கம்பெனியும் ஆஸ்பத்திரி நிர்வாகமும் பதில் சொல்லும்படி சட்டம் வேண்டும்.

இ.எஸ்.ஐ. மூலமாகவும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் நம் தொழிலாளரும் விவசாயக் கூலிகளுமே. கையெழுத்துப் போடும் முன், உள்ளே யார் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். பொருத்திய கருவியின் பெயரையும் நம்பரையும் எழுதி வாங்குங்கள். சங்கங்கள் இக்கோரிக்கைகளைக் கையில் எடுக்கட்டும். கேட்பது சலுகையல்ல, உரிமை!