பேனர் பால் கறக்காது

அடி அண்ணாமலையில் நாலு மாடு வைத்திருப்பவர்கூட திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பேனர் கட்டினால் போதும், பௌர்ணமிக் கூட்டமே வாடிக்கையாகிவிடும் என்கிறார் நண்பர். நடந்து பார்த்தவர் பேச்சாகத் தெரியவில்லை. 14 கிலோமீட்டரை வெறுங்காலோடு நள்ளிரவில் சுற்றுகிறவருக்குக் கண் அடுத்த லிங்கத்தின் மேல், கவனம் காலில் குத்தும் கல்லின் மேல். ஒரு டம்ளர் பால் குடிப்பார், விடிந்ததும் சென்னைக்கு பஸ் ஏறிவிடுவார். தினமும் வாங்கப்போவது பக்கத்து டீக்கடையும் ஆசிரமச் சமையலறையும்தான். அவர்களுக்கு விடியற்காலையில் தண்ணீர் கலக்காத கேன் வந்தால் போதும்.

விளம்பரத்தின் வலிமைக்கு ஈமுவை வேறு சாட்சிக்கு இழுக்கிறார்! பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை விளம்பரங்களில் நடிகர்களே வந்தார்கள். 2012இல் எல்லாம் கவிழ்ந்தது. அங்கே விற்றது கறியோ முட்டையோ அல்ல. குஞ்சும், மாதாமாதம் பணம் தருகிறோம் என்ற வாக்கும். அமெரிக்காவில் அல்பாகா என்ற கம்பளி விலங்கின் கதையும் ஏறக்குறைய இதுதான். விலை ஏறியது கம்பளிக்காக அல்ல, இனவிருத்திக்கென்று அடுத்த பண்ணைக்காரர் தலையில் கட்டலாம் என்பதற்காக. கலிபோர்னியாப் பொருளியலாளர்கள் 2007இலேயே அதை ஊகக் குமிழி என்று எழுதிவிட்டார்கள்.

பேனர் காசுக்குத் தவிடு வாங்கலாம். விளம்பரம் செய்தே தீரவேண்டும் என்றால், பால் கேன் மேல் பெயரையும் போன் நம்பரையும் பெயிண்டில் எழுதி வைக்கட்டும்.