வழி தவறிய ஆமை



திருச்சி காட்டூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார். தெருநாய்கள் உருட்டிக் கடித்துக்கொண்டிருந்த ஆமையொன்றை அவர் மகன் மீட்டு வந்தானாம். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் இருக்கின்றனவாம். தண்ணீர்த் தொட்டியில் விட்டு, சோறும் பாலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது தலையை நீட்டவே இல்லை. மாமியாரோ, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அஞ்சுகிறாராம். வளர்க்கலாமா, வாய்க்காலில் விட்டுவிடலாமா என்பது கேள்வி.

மாமியாரின் அச்சத்துக்கு விடை எளிது. சகுனம் பார்த்தலுக்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. (அந்தப் பழமொழியின் அமீனா நீதிமன்றச் சேவகரே, நம் வீட்டு அமீனாக்கள் வருந்த வேண்டாம்!) மகனின் இரக்கம் போற்றத்தக்கது. ஆயினும் எந்த ஆமையென்று அறியாமல் காட்டும் இரக்கம் அதன் உயிருக்கே கேடாய் முடியும்.

முதலில் கால்களைப் பாருங்கள். யானையின் காலைப் போல் திரண்டு, விரலிடைச் சவ்வின்றி இருந்தால் அது தரையில் வாழ்வது. ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்களாய் விரிந்தால் நட்சத்திர ஆமை. சகோதரி குறிப்பிடுவது இதுவாகவே தோன்றுகிறது. வறண்ட புதர்க்காட்டுப் பிராணி. ஆழமான நீரில் விட்டால் மூழ்கி இறந்துபோகும். எனவே தொட்டியும் ஆகாது, உய்யக்கொண்டான் வாய்க்காலும் ஆகாது. புல், இலை தழை, செம்பருத்திப் பூ இவையே அதன் உணவு.

தட்டையான ஓடும், பின்னங்கால்களை அடியில் மூடும் தோல்மடிப்பும் இருந்தால் அது குளங்களில் வாழும் பாலாமை. கண்ணுக்குப் பின்னே சிவப்புப் பட்டை தெரிந்தால் அமெரிக்க இனம். மலேசியாவிலிருந்து கடத்தி வரப்பட்ட அதன் குஞ்சுகளைத் திருச்சி விமான நிலையச் சுங்கத்துறையினர் ஆயிரக்கணக்கில் கைப்பற்றியதுண்டு. அதை வாய்க்காலில் விட்டால் நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும்.

சரி, வளர்க்கலாமா? கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. வைத்திருப்போருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கண்டெடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவித்துவிட வேண்டும்.

பிள்ளை அழுவான், அறிவேன். அவனுக்கு அபூதாவூதில் வரும் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தலைக்குமேல் சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். 

அதிகாரிகள் வரும்வரை அது உங்களிடம் அமானிதம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் காய்ந்த புல்லிட்டு நிழலில் வையுங்கள். ஆழமற்ற தட்டில், தாடை நனையுமளவே நீர் போதும். நாய்க்கடியால் ஓடு வெடித்திருந்தால் ஈ மொய்க்காமல் சுத்தமான துணியால் மூடி, உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெயும் மஞ்சளும் பூச வேண்டாம். தொட்டபின் பிள்ளைகள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவட்டும். ஆமைகளின் உடலில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருப்பதுண்டு.