கெடு வைத்தால் போதை ஓயாது

பஞ்சாபில் போதையை ஒழிக்க முதலில் நான்கு வாரம் கேட்டார்கள். பிறகு மூன்று மாதம் கேட்டார்கள். 2015 டிசம்பரில் பட்டிண்டா பொதுக்கூட்டத்தில், சீக்கியர்களின் புனிதப் பாடல்கள் அடங்கிய சிறு நூலைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்தார் அமரிந்தர் சிங். ஆட்சிக்கு வந்த நான்கு வாரங்களில் போதை வியாபாரத்தின் முதுகெலும்பை முறிப்பேன் என்றார். 2017-ல் முதல்வரும் ஆனார். 2021-ல் அவர் பதவியிலிருந்து இறங்கியபோதும் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. 2025 பிப்ரவரி இறுதியில் முதல்வர் பகவந்த் மான் மூன்று மாதக் கெடு வைத்தார். மார்ச் 1 அன்று ‘போதைக்கு எதிரான போர்’ அறிவிக்கப்பட்டது. அந்தக் கெடு முடியும் முன்பே, மே மாதத்தில், அமிர்தசரஸ் மாவட்டத்தின் மஜீட்டா வட்டாரத்தில் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்து விழுந்தார்கள். பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள்.

அந்தச் சாராயத்துக்கான மெத்தனால் நூற்றுக்கணக்கான லிட்டர் அளவில் இணையம் வழியே வாங்கப்பட்டது என்று விசாரணையில் தெரியவந்தது. 2020-ல் தரன் தாரன், அமிர்தசரஸ், குர்தாஸ்பூர் மாவட்டங்களில் நூறு பேருக்கு மேல் இதே விஷத்துக்குப் பலியானார்கள். 2024 மார்ச்சில் சங்ரூர் மாவட்டத்தில் இருபது பேர். அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பஞ்சாபின் நோய் எவ்வளவு பெரியது என்பது அரசுகளுக்குத் தெரியாததல்ல. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் 2015-ல் நடத்திய ஆய்வு, அம்மாநிலத்தில் அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்கள் ஏறத்தாழ 2.3 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 18 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் பயன்படுத்தியது ஹெராயின். ஊர் மொழியில் ‘சிட்டா’, அதாவது வெள்ளை. நாளொன்றுக்குச் சுமார் 20 கோடி ரூபாய் இதற்காகச் செலவாகிறது என்றது அந்த ஆய்வு. அடுத்த ஆண்டே, இந்த அவலத்தைச் சொன்ன ‘உட்தா பஞ்சாப்’ திரைப்படத்தில் 89 இடங்களில் கத்தரி போடச் சொன்னது தணிக்கை வாரியம். ஒரே ஒரு வெட்டுடன் படத்தை வெளிவர விட்டது பம்பாய் உயர் நீதிமன்றம். ஒரு காலத்தில் மறைத்தார்கள். பிறகு சத்தியம் செய்தார்கள். இப்போது வீடுகளை இடிக்கப் புல்டோசரை அனுப்புகிறார்கள்.

எல்லையைக் குறை சொல்வது எளிது. பாகிஸ்தானுடன் 500 கிலோமீட்டருக்கு மேல் எல்லை கொண்ட மாநிலம் அது. ஆப்கானிஸ்தானின் அபின் வயல்களிலிருந்து வரும் சரக்குக்கு அது ஒரு வாசல். 2019 ஜூனில் அட்டாரி சோதனைச் சாவடியில், பாகிஸ்தானிலிருந்து வந்த உப்பு மூட்டைகளுக்குள் 532 கிலோ ஹெராயின் சிக்கியது. இன்று டிரோன்கள் வயல்களில் பொட்டலங்களைப் போட்டுவிட்டுத் திரும்புகின்றன. காவல் தேவைதான், அதைத் தளர்த்தச் சொல்பவர் யாரும் இல்லை. ஆனால், வேலியே பயிரை மேய்ந்த கதையும் அங்கே உண்டு. மல்யுத்த வீரராக இருந்து காவல் துறையில் டிஎஸ்பி ஆன ஜகதீஷ் போலா, போதைப்பொருள் வழக்கில் 2019-ல் தண்டிக்கப்பட்டதை அம்மாநிலம் மறந்திருக்காது.

வாங்க ஆள் இருக்கும்வரை சரக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்று கேட்க வேண்டும். வயலில் முதுகு ஒடியும் வேலைக்கு முன்னால் ‘புக்கி’ எனப்படும் அபின் காய்த் தோலின் பொடியைத் தேநீரில் கலந்து குடிப்பது பஞ்சாபில் பழைய வழக்கம். கூலியாட்களுக்கு நிலக்காரர்களே அதைக் கொடுத்ததும் உண்டு. அப்படிப் பழகிய பெரியவரை ‘அமலி’ என்று அழைத்து ஊர் சகித்துக்கொண்டது. அவருடைய பேரன் சிட்டாவுக்கு வந்திருக்கிறான். நிலம் பங்கு பிரிந்து சுருங்கிவிட்டது. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. படிப்புக்கு ஏற்ற வேலை இல்லை. ஊருக்கு ஊர், வெளிநாடு செல்வதற்கான ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி நிலையங்கள். தேறியவன் கனடாவுக்குப் போகிறான். தேறாதவன் கையில் சிட்டா எளிதாகச் சேர்கிறது.

சிட்டாவை மட்டும் எதிரி என்று காட்டுவதில் அரசுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. மது பேச்சுக்கே வராது. 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மது அருந்துவோர் 14.6 சதவீதம், பஞ்சாபில் 28.5 சதவீதம், ஏறக்குறைய இரு மடங்கு. சீக்கிய நெறி எல்லா போதையையும் விலக்குகிறது. பஞ்சாபித் திருமணப் பாடல்களோ மதுக் குப்பியைக் கொண்டாடுகின்றன. மதுவையும் போதையையும் வன்முறையையும் போற்றும் பாடல்களை மேடைகளில் அனுமதிக்கக் கூடாது என்று 2019-ல் பஞ்சாப், ஹரியாணா உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. 2025-26-ல் கலால் வருவாய்க்கு மாநில அரசு வைத்த இலக்கு 11,020 கோடி ரூபாய். ஒரு கையால் ஊற்றிக் கொடுத்துவிட்டு மறு கையால் கைது செய்யும் அரசின் போரை மக்கள் எப்படி நம்புவார்கள்? டாஸ்மாக் வருவாயில் நடக்கும் நம் மாநிலமும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

பஞ்சாபில் உருப்படியாக நடந்த ஒரு காரியம் உண்டு. அது விளம்பரத்தில் வராதது. 2017 அக்டோபரில் புறநோயாளிகளுக்கான சிகிச்சை மையங்கள் தொடங்கப்பட்டன. இன்று அவை 500-க்கும் மேல். வேலைக்குப் போகும் முன் வந்து வரிசையில் நிற்கிறார்கள் ஓட்டுநர்களும் கூலியாட்களும் விவசாயிகளும். புப்ரினார்ஃபின், நலாக்சோன் கலந்த மாத்திரை. விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். அது கரையும்வரை ஊழியர் பார்த்துக்கொண்டிருப்பார். மாத்திரை இல்லாத நாளில் மூக்கு ஒழுகும், எலும்பெல்லாம் முறுக்கும், வயிறு கலங்கும், இரவில் தூக்கம் வராது. இந்தச் சித்திரவதையிலிருந்து தப்பத்தான் பலரும் மறுபடி ஊசியைத் தேடுகிறார்கள். மாத்திரை அந்த வேதனையைத் தணித்து, மனிதரை வேலைக்கு அனுப்பிவைக்கிறது. ஊசியை மறந்தால் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் சி தொற்றுகளும் குறையும்.

மக்கள் வரிப்பணம் போக வேண்டிய இடம் இதுதான். மாறாக, சந்தேகத்துக்குரியவரின் வீட்டை இடிக்கும் காட்சிதான் தொலைக்காட்சியில் ஓடுகிறது. வீட்டை இப்படித் தண்டனையாக இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொன்ன பிறகும் இது நடக்கிறது. தெருவில் நிற்பவர்கள் அவருடைய தாயும் மனைவியும் பிள்ளைகளும். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைப் பழக்கத்தால் வழக்கில் சிக்கியவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. இந்தப் பிரிவு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நடைமுறையாக வேண்டும். கைதாகிறவர்களில் நோயாளி யார், வியாபாரி யார் என்று பிரித்துப் பார்ப்பது காவல் துறையின் முதல் கடமை.

சிகிச்சை மையங்களில் மனநல மருத்துவர்களும் ஆலோசகர்களும் போதிய அளவில் நியமிக்கப்பட வேண்டும். 2015 ஆய்வில் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். அவமானத்துக்கு அஞ்சி மறைந்திருக்கும் பெண்களுக்குத் தனி மையங்கள் தேவை. மெத்தனால் விற்பனை, தொழிற்சாலைக் கிடங்கு முதல் கடைசி லிட்டர் வரை கணக்கில் வர வேண்டும். மது விற்று ஈட்டும் பணத்தில் ஒரு நிலையான பங்கைச் சிகிச்சைக்கென்று சட்டப்படி ஒதுக்க வேண்டும்.

எத்தனை பேர் கைது, எத்தனை கிலோ பறிமுதல், எத்தனை வீடு இடிப்பு என்ற கணக்கைப் பஞ்சாப் அரசு நிறைய சொல்லிவிட்டது. சிகிச்சைக்கு வந்தவர்களில் ஓராண்டுக்குப் பின்னும் அதில் நிலைத்திருப்பவர் எத்தனை பேர் என்ற ஒரே எண்ணை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் அது வெளியிடட்டும். அந்த எண் உயராதவரை, போரில் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை எந்த முதல்வருக்கும் இல்லை.